பெரிய டயரும் எட்டாத பைப்பும்

பல்லடம் வட்டாரத்திலேயே ஜீப்புக்குப் பெரிய டயர் போட்ட முதல் ஆள் நான்தான். பார்த்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

பொய். எனக்கு முன்னாலேயே ஒரு கோழிப்பண்ணைக்காரர் போட்டிருந்தார். போட்டுவிட்டு, சரிப்படவில்லை என்று கழற்றியும் வைத்துவிட்டார். அவர் போட்டது எனக்குத் தெரியும். கழற்றியது தெரியாது. வாயைப் பிளந்தார்கள் என்பது மட்டும் நிஜம். அதிலும் எல்லாரையும்விட அகலமாகப் பிளந்தது என் வாய்.

அது பிளந்த காலையிலிருந்தே சொல்கிறேன்.

கடைசி பைப்

தொண்ணூறுகளில் ஒரு சித்திரை மாதம். எங்கள் ஊர் இட்டேரியில் நிற்கிறேன். இட்டேரி என்றால் இரண்டு பக்கமும் முள்வேலி, நடுவில் ஒரு வண்டி போகிற மண்தடம். தடத்தின் ஓரமாக நீளக் குழி. குழிக்குள் பிளாஸ்டிக் பைப். பைப்பை ஒட்டுகிற பசையின் வாசம் மூக்கில் ஏறி நிற்கிறது. எனக்குப் பின்னால் என் ஜீப். ஜீப்புக்கு அடியில் அந்தப் பெரிய டயர்கள்.

பைப் பதிக்கிற மேஸ்திரி ரங்கசாமி கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

“அவ்வளவுதானுங்க.”

“என்ன அவ்வளவுதான்?”

“பைப்பு அவ்வளவுதானுங்க. தீந்து போச்சு.”

“வண்டிக்குள்ள பாருங்க மேஸ்திரி.”

“பாத்துட்டனுங்க.”

“வண்டிக்கு அடியில?”

“அங்கயும் பாத்துட்டனுங்க. உங்க வண்டிக்கு அடியில குனியக்கூட வேண்டியதில்லீங்க, நின்னுட்டே பாக்கலாம்.”

குழி தோண்ட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பைப் போய்ச் சேர வேண்டிய என் காடு இன்னும் அரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்தது. எங்கள் பக்கம் நிலத்துக்குக் காடு என்றுதான் பேர். அங்கே என் சம்சாரம் சரசு சிவப்புச் சேலையில் ஒரு பொட்டு மாதிரி தெரிந்தாள். தேங்காய், சூடம், மஞ்சள் தடவிய செங்கல் எல்லாம் வைத்துக்கொண்டு, தண்ணீர் விழப்போகிற இடத்தில் காத்திருந்தாள்.

அவளுக்கு அது வெறும் தண்ணீர் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளே குழி எடுத்து, உப்பும் சாம்பலும் போட்டு நட்ட தென்னம்பிள்ளைகள். மழை ஏமாற்றியது. கிணறு வற்றியது. போர் போட்டால் புகைதான் வந்தது. கல்யாணமாகி வந்து குழந்தை தங்காமல் இருந்த வருஷங்கள் அவை. யாராவது ஜாடையாக ஏதாவது பேசினால், குடத்தை எடுத்துக்கொண்டு தென்னைக்குப் போய்விடுவாள். எத்தனை பிள்ளை என்று கேட்பவர்களிடம், தோப்பைக் காட்டி, “எண்ணிக்கங்க” என்பாள்.

அந்தப் பிள்ளைகளில் பாதி அப்போதே குருத்து சுருண்டு நின்றன. இன்னும் ஒரு மாதம் தண்ணீர் இல்லாவிட்டால் மீதியும் போய்விடும். அதற்குத்தான் இந்த பைப்.

அந்த பைப் அரைக் கிலோமீட்டர் குறைகிறது. அது வந்து நின்ற இடம் யாருடைய காடு தெரியுமா? இந்த உலகத்தில் என்னோடு பேசாத ஒரே மனுஷனுடைய காடு.

மாட்டுக்குப் பத்திரிகை

நாச்சிமுத்து அண்ணன் என் பெரியப்பா மகன். பங்காளி. எங்களுக்குள் பேச்சு நின்றதற்குக் காரணம் என் கல்யாணம்.

எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகையைப் பங்காளி வீட்டுக்குத்தான் முதலில் வைக்க வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கோடு, வீட்டுக்காரரும் வீட்டுக்காரம்மாவும் சேர்ந்து நிற்கும்போது, கையில் கொடுக்க வேண்டும். நான் போன நேரம் அங்கே யாருமில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மாட்டுச்சாலையில் தீனித் தொட்டியின் விளிம்பில் பத்திரிகையைச் செருகிவிட்டு ஓடிவிட்டேன். பேர் எழுதிய மஞ்சள் கவர். அவர் வந்து பார்க்கும்போது கவரின் ஒரு மூலைதான் மிச்சம் இருந்ததாம். மீதியை எருமை தின்றுவிட்டது.

“மாட்டுக்குப் பத்திரிகை வெச்சவன் மாட்டுகிட்டயே பேசட்டும்” என்று சொல்லிவிட்டார்.

சொன்னபடியே நடந்தும் காட்டினார். அதற்கப்புறம் அவர் என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எருமையைப் பார்த்துத்தான் சொல்வார். நானும் பதிலை எருமையிடம்தான் சொல்வேன். அந்த எருமைக்குக் கருவாச்சி என்று பேர். எங்கள் வீட்டு வழக்கு வியாஜ்ஜியம் எல்லாம் அதற்கு அத்துபடி.

இந்த நிலைமையில் அண்ணன் ஒரு டிராக்டர் வாங்கினார். நான் சர்க்கார் ஏலத்தில் ஒரு பழைய ஜீப் எடுத்தேன். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஜீப். மூன்றாம் கிளாஸைத் தாண்டாத எனக்கு அதுதான் பட்டம், பதவி எல்லாம். ஆனால் இட்டேரியில் எதிரும் புதிருமாக வந்தால், டிராக்டர் சீட்டில் உட்கார்ந்திருக்கிற அண்ணன் என் ஜீப்பின் படுதாவுக்கு மேலே ஊரைப் பார்த்தபடி போவார். என் ஜீப்பை ஒரு கோழிக்கூண்டைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்.

ஜீப் தண்ணீர் டிரம் ஏற்றிக்கொண்டு ஓடை மணலில் போகும்போது புதைந்தது உண்மைதான். அதற்காகத்தான் பெரிய டயர் என்று சரசுவிடம் சொன்னேன். அண்ணனைவிட உயரத்தில் உட்காரணும் என்பதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

மாப்பிள்ளை பார்த்தது

டயர் வாங்கக் கோயமுத்தூர் உக்கடம் போனேன். டயர் வாங்குகிறவன் வண்டியை எடுத்துக்கொண்டு போவானா, பஸ்ஸில் போவானா? நான் பஸ்ஸில் போனேன். பழைய டயரை வைத்துக்கொண்டு பெரிய கடைக்குப் போக வெட்கமாக இருந்தது.

சந்துக்குள் ஒரு கடை. கூரை வரைக்கும் டயர். உள்ளே நுழைந்தால் ரப்பரும் வெயிலும் சேர்ந்து தலை சுற்றுகிற வாசம். கடைக்காரர் பாய் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

“என்ன வண்டிக்குங்க?”

“ஜீப்புக்குங்க பாய்.”

“இப்ப என்ன சைஸ் கெடக்குது?”

“கறுப்பு சைஸுங்க.”

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். கம்பெனி போட்டு அனுப்புகிற டயர் ஆறு அங்குல அகலம். அதற்கு மேலே ஏழு. அதற்கும் மேலே ஏழரை. அகலம் ஏற ஏற உயரமும் ஏறும். சும்மா மாட்டிவிட முடியாது, டிஸ்க்கும் மாற்ற வேண்டும்.

மூன்றையும் வரிசையாகச் சுவரில் சாய்த்து வைத்தார். நான் மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி முன்னும் பின்னும் நடந்தேன். ஆறு, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி ஒல்லியாக, ஒழுக்கமாக நின்றது. ஏழு, மில்லில் மேஸ்திரி வேலை பார்க்கிற மாப்பிள்ளை. குறையொன்றும் சொல்ல முடியாது. ஏழரை இருக்கிறதே, அது பெரிய பண்ணையத்துக்காரன் மாதிரி நெஞ்சை விரித்துக்கொண்டு நின்றது. மேலே புடைத்திருந்த பட்டன் ஒவ்வொன்றும் வெல்லக்கட்டி அளவு. உதைத்தேன். கால்தான் வலித்தது. கட்டிப்பிடித்துப் பார்த்தேன். என் கை எட்டவில்லை.

“இதுதானுங்க பாய்.”

“ஏழுல நிறுத்திக்கங்க. மணல்ல போறதுக்கு அதே போதும். ஏழரை போட்டா மட்கார்டுல ஒரசும், ஸ்டியரிங் இறுகிப் போகும்.”

“ஒரசுனா மட்கார்ட வெட்டிப்போடறனுங்க.”

“பிரேக்கும் முன்ன மாதிரி சட்டுனு புடிக்காதுங்க.”

“நான் எதுக்குங்க நிக்கப் போறன்?”

பாய் சிரித்துவிட்டார். “சரி. அஞ்சு போடலாங்களா?”

“நாலு போதுமுங்க. ஸ்டெப்னிக்குப் பழசே கெடக்கட்டும். பின்னால தொங்கறத எவன் பாக்கறான்?”

வீட்டுக்கு வந்து, ஜாக்கி போதாமல் கருங்கல்லை அண்டை கொடுத்து, ஸ்பிரிங் பட்டை சேர்த்து, மட்கார்டைத் தகடு வெட்டுகிற கத்தரியால் கடித்து, நாலையும் மாட்டி முடித்தோம். சரசு வாசலுக்கு வந்து பார்த்தாள். அவள் கண் மேலே போய்க்கொண்டே இருந்தது.

“ஏனுங், இது ஜீப்பா, அட்டாலியா?”

அட்டாலி என்றால் பரண். ஏறிப் பார் என்றேன். காலைத் தூக்கினாள், எட்டவில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகினாள், அப்போதும் எட்டவில்லை. பால் கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி, அங்கிருந்து ஜீப்புக்குள் விழுந்தாள்.

“டயருக்கு என்ன பேருங்க?”

“ஏழரை.”

“சனீஸ்வரன் கோயிலுக்குப் போயி கழிச்சுட்டு வருவாங்க. நீங்க உக்கடத்துக்குப் போயி வாங்கிட்டு வந்திருக்கறீங்க.”

கோயமுத்தூர் கிட்டே வந்தது

பெரிய டயர் போட்ட அப்புறம் சில அதிசயங்கள் நடந்தன.

முதல் வளைவிலேயே ஜீப் கன்றுக்குட்டி மாதிரி கத்தியது. இறங்கி அடியில் கன்றைத் தேடினேன். டயர் மட்கார்டில் உரசிய சத்தம்தான் அது. இன்னும் கொஞ்சம் தகடு வெட்டினேன். வெட்டி வெட்டி, மழை பெய்தால் சேறு நேராக என் முகத்தில் அடிக்கிற அளவுக்கு வழி பண்ணிவிட்டேன். நல்ல வேளை, மழையே பெய்யவில்லை.

இரண்டாவது, நான் நல்ல டிரைவராகிவிட்டேன். மீட்டரில் முள் அறுபதில் நிற்கும். ஆனால் எல்லா வண்டியையும் முந்திப் போய்க்கொண்டிருப்பேன். சூலூர் பக்கம் ஒரு பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, “சாவறதுன்னா தனியாப் போயிச் சாவுய்யா!” என்று கத்தினார். அறுபதில் போகிறவனைப் போய் இப்படித் திட்டுகிறானே, ஊரில் பொறாமை முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவதுதான் பெரிய அதிசயம். கோயமுத்தூர் எங்கள் ஊருக்குக் கிட்டே வந்துவிட்டது. ஆமாம். போகும்போதும் வரும்போதும் மீட்டரில் பார்த்தேன். முன்னே காட்டியதைவிடக் கிலோமீட்டர் குறைச்சலாகவே காட்டியது. ரோட்டை எங்கேயோ நேராக்கிவிட்டார்கள் போல என்று நினைத்தேன். ஆனால் மைல்கல்லில் பழைய கணக்கே இருந்தது.

டீக்கடையில் போய்ச் சொன்னேன். “கல்லு நட்டவன் தப்பா நட்டுப்போட்டானுங்க. மதுக்கரை வரைக்கும் அத்தனையும் தப்பு. நான் அளந்து பாத்துட்டன்.”

மூன்றாம் கிளாஸ்காரன் அரசாங்கத்தைத் திருத்துகிறான். டீக்கடையில் எல்லாரும் தலையாட்டினார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார்கூட, “இருக்கும், இருக்கும்” என்றார்.

என்னை அன்றைக்கே நாலு பேர் பிடித்து உலுக்கியிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

கயிறு எதற்கு?

சரசுவின் அண்ணன் பொன்னுசாமி மச்சானுக்கு வாய்க்கால் கரையில் தோட்டம். கிணற்றில் எந்தக் கோடையிலும் தண்ணீர் நிற்கும். தங்கச்சி குடத்தோடு அலைவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

“பைப்பு மட்டும் நீங்க போட்டுக்கங்க மாப்ள. தண்ணி எடுத்துக்கங்க. எங்கிணத்துலதான் ஊறுதில்ல?”

எங்கள் பக்கம் இது சகஜம். கிணறு ஒரு ஊரில், காடு ஒரு ஊரில் இருக்கும். நடுவில் இட்டேரி ஓரமாகவே பூமிக்கடியில் பைப் போகும். பைப் எத்தனை வேண்டும் என்றுதான் கேள்வி. ரங்கசாமி மேஸ்திரி அளவுக்கயிறோடு வந்தார்.

“கயிறு எதுக்குங்க மேஸ்திரி? எந்தக் காலத்துல இருக்கறீங்க?” என்றேன். “ஏறுங்க வண்டியில.”

மச்சான் கிணற்றடியில் மீட்டரைக் குறித்துக்கொண்டு, இட்டேரி வழியாகவே ஓட்டி, என் காட்டு முனையில் நிறுத்தி, மறுபடியும் குறித்தேன். அரைமணி நேரத்தில் அளவு முடிந்தது. கயிறு பிடித்திருந்தால் ஒரு பகல் போயிருக்கும். மேஸ்திரிக்கே சந்தோஷம்.

அந்த வறட்சியில் ஊரெல்லாம் பைப் கேட்டது. பெருந்துறையில் ஒரு கம்பெனியில் சொல்லிவைத்துக் காத்திருந்து, கணக்குப்படி ஒரே லோடாக வாங்கினோம். லாரி இட்டேரிக்குள் நுழையாது என்பதால் மச்சான் தோட்டத்திலேயே குவித்து வைத்து, ஜீப்பில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவந்து பதித்தோம். குவியல் குறையக் குறைய மேஸ்திரி தலையைச் சொறிந்தார்.

“எனக்கென்னமோ பத்தாதாட்ட இருக்குதுங்க.”

“மீட்டரு பொய் சொல்லாதுங்க மேஸ்திரி. அது கம்பெனி மீட்டரு.”

கடைசி நாள் காலையில் மச்சானிடம் சொல்லிவிட்டு வந்தேன். “இன்னைக்கு முடிஞ்சுரும். மோட்டாருக்குக் கரண்டு வந்ததும் போட்டு உடுங்க. சரசு தேங்காயோட நிக்கறா.”

ஒரு சாண்

இப்போது மறுபடியும் இட்டேரிக்கு வருவோம். கையில் பைப் இல்லை. எதிரே அண்ணன் காடு. வேலியோரம் அண்ணன் நிற்கிறார், பக்கத்தில் கருவாச்சி.

மேஸ்திரி பதித்த பைப்பை எல்லாம் எண்ணிச் சொன்னார். வாங்கின கணக்கு சரியாக இருந்தது. ஒரு பைப்பை நீட்டிப் பிடித்து அளந்தார். அதுவும் சரியாக இருந்தது. அதற்கப்புறமும் எனக்குப் புத்தி வரவில்லை. எருமையைப் பார்த்துக் கேட்டேன்.

“ஏ கருவாச்சி! குவிச்சு வெச்ச பைப்பு கால் மொளச்சு இந்தப் பக்கம் ஏதாச்சும் வந்துச்சா?”

ஆட்கள் எல்லாரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்கள். பங்காளியைத் திருடன் என்று சொல்வது சின்ன விஷயமில்லை. அண்ணன் மெதுவாக எருமையின் கழுத்தைத் தடவினார்.

“உன்னயத்தான் கேக்கறாரு கருவாச்சி, பத்திரிகை வெச்ச மகராசன். பதில் சொல்லு. பத்திரிகையத் தின்னவ பைப்பத் தின்னிருக்க மாட்டயா?”

“அளவுல தப்பில்ல கருவாச்சி. மீட்டரு வெச்சு அளந்தது!”

“எந்த மீட்டரு? நாலு காலுக்கும் கட்டை கட்டிக்கிட்டு ஆடறானே, அவனோட மீட்டரா?” என்றார் அண்ணன். “கருவாச்சி, நம்ம டிராக்டர்ல முன்சக்கரம் பொடுசு, பின்சக்கரம் பெருசு. பெருசு ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள பொடுசு எத்தன சுத்து சுத்துதுன்னு நீ தெனமும் பாக்கறீல்ல? அந்த ஜீப்புப் பின்னால ஒரு பழைய சக்கரம் தொங்குது பாரு. அதையும் கீழ நிக்கற சக்கரத்தையும் ஒருக்கா உருட்டிப் பாக்கச் சொல்லு. அப்பறமா ஆரு திருடன்னு பேசலாம்.”

மேஸ்திரிக்கு முகம் மாறியது. நேராகப் போய் ஸ்டெப்னியைக் கழற்றினார். மடியிலிருந்து வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்து அதில் ஒரு பொட்டு வைத்தார். ஜீப் சக்கரத்திலும் ஒரு பொட்டு வைத்தார். இரண்டு பொட்டும் மண்ணைத் தொடுகிற இடத்தில் குறுக்கே ஒரே கோடு கிழித்தார். ஸ்டெப்னியை ஒரு சுற்று உருட்டி நிறுத்தினார். ஜீப்பை ஆட்கள் தள்ளினார்கள். அதன் பொட்டு மேலே போய், சுற்றி, கீழே வந்தது.

ஜீப் பொட்டு ஸ்டெப்னிப் பொட்டைத் தாண்டி நின்றது. மேஸ்திரி கையை விரித்து வைத்துப் பார்த்தார்.

“ஒரு சாணுங்க. அதுக்கும் கொஞ்சம் மேல.”

நான் அந்தச் சாணையே பார்த்துக்கொண்டு நின்றேன். மீட்டருக்குச் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்றுதான் தெரியும். சக்கரத்தை மாற்றிய விஷயத்தை யாரும் அதனிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சாண் முழுங்கிக்கொண்டே வந்திருக்கிறது. கோயமுத்தூர் கிட்டே வரவில்லை. மைல்கல் தப்பில்லை. பஸ் டிரைவர் என்னைத் திட்டியது பொறாமையில் இல்லை. ஒவ்வொன்றாக வந்து கன்னத்தில் அறைந்தது. அப்படியே வேலியோரம் உட்கார்ந்துவிட்டேன். பின்னாலே முள் குத்தியதுகூட அப்புறம்தான் தெரிந்தது.

காத்து வந்தது

நாங்கள் நின்றுவிட்டதைப் பார்த்து சரசு நடந்து வந்துவிட்டாள். வந்தவள் பைப் முனையைப் பார்த்தாள். கீழே கிடந்த சின்ன டயரைப் பார்த்தாள். ஜீப்பைப் பார்த்தாள். யாரும் அவளுக்கு விளக்கவில்லை.

அவள் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மேஸ்திரியிடம் மட்டும் கேட்டாள்.

“மிச்சப் பைப்பு எப்ப வருமுங்க?”

“அடுத்த லோடு வைகாசி கடைசிங்கறாங்க அம்மணி.”

“வைகாசி கடைசிக்கு சீமாறு கட்டக்கூட ஓலை நிக்காதுங்க” என்றாள்.

சொல்லும்போது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கையிலிருந்த தேங்காயை மட்டும் ரொம்ப இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் இல்லை.

அப்போதுதான் பைப்புக்குள் ஒரு சத்தம் கேட்டது. யாரோ தூரத்தில் இருமுகிற மாதிரி.

“என்னங்க அது?” என்றார் ஒரு ஆள்.

மேஸ்திரி காதை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். “காத்துங்க! காத்து வருது!”

கரண்டு வந்துவிட்டது. நான் சொன்னபடி, ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல், மச்சான் மோட்டாரைப் போட்டுவிட்டார். இங்கே பைப் எட்டவில்லை என்று அங்கே போய்ச் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒரு ஆளுக்கும் தோன்றவில்லை. அத்தனை பேரும் ஒரு சாணைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தோம்.

பைப் துப்பியது. புஸ் புஸ் என்று காற்று, செம்மண் தூசி, நாலைந்து தவளைக்குஞ்சு, அப்புறம் ஒரு வாய் சேறு. அதற்கப்புறம் தண்ணீர். என் தொடை கனத்துக்குத் தண்ணீர். வெயிலில் கண் கூசுகிற தண்ணீர். வேலியின் அடியில் புகுந்து, நேராக நாச்சிமுத்து அண்ணன் காட்டுக்குள் பாய்ந்தது. வெடித்துக் கிடந்த மண் சளப் சளப் என்று குடித்தது. சூடான மண்ணிலிருந்து அந்த வாசம் எழுந்தது. முதலில் குடிக்க ஆரம்பித்தது கருவாச்சிதான்.

என் தண்ணீர். என் மச்சான் கிணற்றுத் தண்ணீர். என்னோடு தண்ணீர்கூடப் புழங்காத மனுஷன் காட்டில் கணுக்கால் அளவு நிற்கிறது. கையை வைத்து அடைக்கப் போனேன். தண்ணீர் என்னைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டது.

நனைந்து எழுந்து பார்க்கிறேன், அண்ணனைக் காணோம். மாட்டுச்சாலைக்குள் போனவர் மண்வெட்டியோடு வெளியே வருகிறார்.

“பெரியவரே, வேண்டாமுங்க!” என்று மேஸ்திரி குறுக்கே போனார். அவரை நான் திருடன் என்று கேட்டு அரைமணிகூட ஆகவில்லை.

அண்ணன் என்னைத் தாண்டிப் போனார். அவர் காட்டின் நடுவில், அப்பன்கள் காலத்தில் இரண்டு குடும்பத்துக்கும் ஒன்றாகத் தண்ணீர் போன ஒரு வாய்க்கால் உண்டு. எனக்குக் கல்யாணம் ஆன வருஷம் அவரே மண் போட்டு மூடி, மேலே உழுதுவிட்டார். அந்த வாய்க்கால் வாய் இருந்த இடத்தில் போய் நின்றார். அதைத் திறந்தால் தண்ணீர் சரிவில் இறங்கி நேராக எங்கள் தென்னைக்கு வந்துவிடும். வரப்பைப் போட்டு அடைத்தால் அத்தனையும் அவருக்கே.

சரசு சேற்றில் இறங்கி அவர் முன்னால் போய் நின்றாள். எருமையைப் பார்க்கவில்லை. நேராக அவரைப் பார்த்தாள்.

“மாமா, வேண்டாதவங்க நாங்கதானுங்க. அதுங்க என்ன பண்ணுச்சு? உங்க காட்டுக்கு வேணுங்கறது எடுத்துக்கங்க. மிச்சத்த எங்க புள்ளைங்களுக்கு உட்டாப் போதுமுங்க.”

அண்ணன் கருவாச்சியைத் திரும்பிப் பார்த்தார். அது மூக்கு வரைக்கும் தண்ணீருக்குள். அதன் வழியாகப் பதில் சொல்ல முடியாது. மண்வெட்டிக் காம்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, எத்தனையோ வருஷம் கழித்து முதல் தடவையாக என் மூஞ்சியை நேருக்கு நேராகப் பார்த்தார். வாயைத் திறந்தார். என்ன சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? அவர்— இருங்கள், இதோ அண்ணனே இப்போது அவர் காட்டிலிருந்து கூப்பிடுகிறார்.

“டேய்! எத்தன நேரம்டா கூப்படறது? எங்க முறை முடிஞ்சு போச்சு, உன்ற தோப்புக்குத் திருப்பி உட்டுட்டன்! தெக்கு வரப்பு ஒடையப் போவுது, மம்பட்டிய எடுத்துட்டு வாடா!”

“வாரனுங் அண்ணா!”